கையை எடு! கண்ணைத் துடை! தேடு!

போச்சா?

மொத்தமும் போச்சா?

இருக்கன்குடியில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்திய படம். அக்காவின் வளைகாப்பு. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுத்த அம்மா. பட்டாசு ஆலை வேனில் ஏறுவதற்கு முன் அப்பா சிரித்துக்கொண்டு நின்ற ஒரே ஒரு படம்.

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்றது போன். இடம் பண்ணலாம் என்று வரிசையாகத் தொட்டாய். 'அழிக்கவா?' என்று கேட்டது. 'சரி' என்றாய். ஆல்பமே காலி!

இப்போது தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாய். "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்கிறாய்.

யார் சொன்னது?

விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொன்னாரா? நீயே ஒரு இடத்தையாவது திறந்து பார்த்தாயா? இல்லையே! உன் பயம் சொன்னது. நீ தலையாட்டிவிட்டாய்!

தம்பி, தங்கச்சி, ஒன்று கேள். அழித்த அந்த நொடியில் உன் படங்கள் பெரும்பாலும் தொலைவதில்லை. அதற்கு அடுத்த அரை மணி நேரம் நீ படுகிற பதற்றத்தில்தான் தொலைகின்றன!

அரை மணி நேரத்தில் என்னென்ன செய்கிறாய், எண்ணிப் பார். 'போட்டோ ரெக்கவரி' என்று தேடி ஐந்து ஆப்பை இறக்குகிறாய். கேமரா வேலை செய்கிறதா என்று நாலு படம் எடுக்கிறாய். மனசு ஆறவில்லை என்று வீடியோ பார்க்கிறாய். கடைசியில் யாரோ சொன்னார் என்று 'ஃபேக்டரி ரீசெட்'டும் அடிக்கிறாய்.

முடித்தது யார்? நீயேதான்!

ஒரு கோப்பை அழிக்கும்போது, குறிப்பாக மெமரி கார்டில், பல நேரங்களில் அதன் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அது கிடந்த இடம் 'காலி' என்று குறிக்கப்படுகிறது. புதிதாக ஏதாவது வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை உனக்கு வாய்ப்பு உண்டு. நீ இறக்குகிற ஒவ்வொரு ஆப்பும், எடுக்கிற ஒவ்வொரு படமும் அந்த இடத்தில் போய் உட்காரலாம்!

நீ பட்டாசு மண்ணில் பிறந்த பிள்ளை. மருந்துக்கு முன்னால் உட்காருகிற கை பதறலாமா? பதறாத கைதான் இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த நிதானத்தில் கால் பங்கு உன் விரலுக்கு வராதா?

வரும்! வந்தே ஆக வேண்டும்!

அதனால் முதல் கட்டளை: கையை எடு!

மொபைல் டேட்டாவை அணை. வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்கள் வந்து விழுவதை நிறுத்து. கேமராவைத் தொடாதே. எந்த ஆப்பையும் இறக்காதே. ரீசெட் பக்கமே போகாதே!

ஒரு வாய் தண்ணீர் குடி. இப்போது தேடு!

முதல் வாசல் எங்கே? குப்பைத் தொட்டியில்!

சிரிக்காதே. பெரும்பாலோரின் படங்கள் அங்கேதான் கிடக்கின்றன. திறந்து பார்க்காமலே அழுதுகொண்டிருக்கிறார்கள்!

கூகுள் போட்டோஸைத் திற. 'டிராஷ்' அல்லது 'பின்' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். பேக்கப் ஆன படத்தை அழித்திருந்தால் 60 நாள் அங்கே காத்திருக்கும். பேக்கப் ஆகாத படம் என்றால் 30 நாள். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்து. 'ரீஸ்டோர்' தொடு. பழைய இடத்துக்கே திரும்பி வரும். பேக்கப் ஆன படங்களுக்கு இன்டர்நெட் வேண்டும். அந்த வேலைக்கு மட்டும் டேட்டாவைப் போட்டுக்கொள்.

அங்கே இல்லையா? போனோடு வந்த கேலரியைத் திற. அதற்கும் தனியாக ஒரு தொட்டி உண்டு. சாம்சங் கேலரியின் தொட்டி 30 நாள் வைத்திருக்கும். கூகுளின் 'ஃபைல்ஸ்' ஆப்பில் அழித்தாயா? அதன் தொட்டியும் 30 நாள்தான்.

கவனி! பேக்கப் ஆன படத்துக்கு 59-ஆம் நாளிலும் வழி இருக்கிறது. 61-ஆம் நாள் தலைகீழாக நின்றாலும் கதவு திறக்காது. "தீபாவளி முடியட்டும், ஆலை லீவு விட்டதும் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறாயே, அந்தத் தொட்டிக்குத் தீபாவளி தெரியுமா?

இன்றைக்கே திற!

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்கிறாயா?

போனின் செட்டிங்ஸில் மொழி என்று ஒன்று இருக்கிறது. தமிழை வை. முழு போனும் தமிழ் பேசும். அடுத்த சாக்கு என்ன?

"நான் அவ்வளவு படிக்கலை. இதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை."

அப்படியா? 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். எதற்கு? தீப்பெட்டி செய்யக் கற்க. மழை பொய்த்த கரிசல் காட்டிலிருந்து, மொழி தெரியாத ஊருக்கு! கற்றார்கள். திரும்பினார்கள். தொழிலைத் தொடங்கினார்கள். இன்றைக்குத் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று நாடே பேர் சொல்கிற ஊராக சிவகாசி நிற்கிறது.

அவர்கள் ஒரு தொழிலையே கற்று வந்தார்கள். உன்னால் ஒரு மெனுவைக் கற்க முடியாதா?

தொட்டியும் காலியா? தளராதே! இரண்டாவது வாசல் இது: படம் நிஜமாகவே அழிந்ததா, ஒளிந்திருக்கிறதா?

'ஆர்க்கைவ்' என்று ஒரு பகுதி உண்டு. கை தவறி அங்கே தள்ளியிருப்பாய். 'லாக்டு ஃபோல்டர்' உண்டு. பூட்டிவைத்துவிட்டு நீயே மறந்திருப்பாய். அதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. போன் வாங்கிய கடையில் ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்தார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்க இன்னொன்று திறந்தாய். படங்கள் பழைய கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. நீ புதிய கணக்கில் நின்றுகொண்டு ஒப்பாரி வைக்கிறாய்!

கணக்கை மாற்றிப் பார். கம்ப்யூட்டரில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்தும் பார்.

இன்னும் வரவில்லையா? அப்படியானால் மூன்றாவது வாசலைத் தட்டு. ஊரார் வாசல்!

நீ அந்தப் படத்தை யாருக்குமே அனுப்பவில்லையா? மொட்டை போட்ட அன்றைக்கு சித்திக்கு அனுப்பினாய். வளைகாப்புப் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டாய். ஸ்டேட்டஸில் வைத்தாய். அந்தப் பிரதிகள் எங்கே போகும்?

உன் போனிலேயே தேடு. ஃபைல் மேனேஜரில் 'ஆண்ட்ராய்டு', அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்அப் பெயர் தாங்கிய ஃபோல்டர். இன்னும் உள்ளே போனால் 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. அதற்குள்ளே 'சென்ட்' என்று ஒன்று. நீ அனுப்பிய படங்களின் பிரதிகள் வரிசையாகக் கிடக்கும்! துல்லியம் குறைந்திருக்கும். குறையட்டுமே! அப்பாவின் சிரிப்பு குறையாது!

அங்கும் இல்லையா? போய்க் கேள். சித்தியிடம் கேள். மதுரையில் இருக்கும் மாமாவிடம் கேள். கூடப் படித்தவனிடம் கேள். வளைகாப்புக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரிடம் கேள்.

"கேட்டால் திட்டுவார்களே! அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?"

ஓ! உனக்குப் படம் வேண்டுமா, பெருமை வேண்டுமா? ஒன்றைத் தேர்ந்தெடு!

உ.வே.சாமிநாதையரைத் தெரியுமா? பழந்தமிழ் இலக்கியம் ஏட்டில் செல்லரித்துக்கொண்டிருந்த காலம். ஒரு ஏட்டில் பாதி இல்லை; இன்னொன்றில் எழுத்தே தெரியவில்லை. "போனது போனதுதான்" என்று உட்கார்ந்தாரா? ஊர் ஊராகப் போனார். வீடு வீடாகக் கேட்டார். ஒரு வீட்டில் அழிந்த பக்கம் இன்னொரு வீட்டுப் பரணில் கிடைத்தது. 1887-ல் சீவக சிந்தாமணி, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு என்று அச்சில் வந்தன.

கட்டை வண்டிக் காலத்தில் ஒருவர் ஒரு மொழியின் செல்வத்தையே வீட்டு வாசல்களில் கேட்டு மீட்டார். நீ உட்கார்ந்த இடத்திலிருந்து பத்து பேருக்கு ஒரு மெசேஜ் அனுப்பக் கூச்சப்படுகிறாயா?

அனுப்பு! இப்போதே அனுப்பு!

நான்காவது வாசல். இது உழைக்கிறவனுக்கு மட்டும்!

படங்கள் மெமரி கார்டில் இருந்தனவா? அப்படியானால் உனக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. போனை அணை. கார்டைக் கழற்று. இனி அதில் ஒரு எழுத்துகூட எழுதப்படக் கூடாது. 'ஃபார்மட் செய்யவா?' என்று எங்கே கேட்டாலும் 'வேண்டாம்' என்று சொல்.

கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் செருகு. 'போட்டோரெக்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். பணம் கேட்காது. ஒவ்வொரு ஜேபெக் படமும் மாறாத சில பைட்டுகளோடுதான் தொடங்கும். அந்த மென்பொருள் பெயர்ப் பட்டியலை நம்பாது. கார்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வாசித்து, அந்த அடையாளத்தைத் தேடிப் படத்தைப் பிடிக்கும்.

பிடித்ததை எங்கே சேமிப்பாய்? கம்ப்யூட்டரில்! அதே கார்டில் சேமித்தால் மீட்கிற கையே அழிக்கிற கையாகிவிடும்!

முதலில் பார்த்தால் உனக்கு வெறுப்பு வரும். கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது. ஒரு எழுத்தும் நீளமான எண்ணும் இருக்கும். என்றைக்கோ வந்த காலை வணக்கப் படங்களும் கூட வரும். சில படங்கள் பாதியில் சாம்பல் நிறமாக நிற்கும்.

எழுந்து போய்விடுவாயா?

போகாதே! ஒவ்வொன்றாகத் திற. நூறு பார். இருநூறு பார். ஐந்நூறாவதில் அப்பா நிற்கலாம்! கந்தகத்துக்கும் அலுமினியப் பொடிக்கும் நடுவில் நாள் முழுக்க உட்கார்ந்து உன்னை வளர்த்தவர் அவர். அவருக்காக ஒரு ராத்திரி உட்கார உனக்கு முதுகு வலிக்கிறதா?

ஒரு எச்சரிக்கை. அந்தக் கார்டை போனின் 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' ஆக மாற்றிப் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. அது பூட்டப்பட்டிருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது.

இப்போது கசப்பான உண்மைக்கு வருவோம். தைரியசாலிதானே நீ? நேராகக் கேள்!

படம் போனின் உள் நினைவகத்தில் மட்டும் இருந்து, தொட்டியிலிருந்தும் போய், வேறு எங்கும் பிரதி இல்லை என்றால், மீட்பது மிக மிகக் கடினம். ஆண்ட்ராய்டு 10-உடன் சந்தைக்கு வந்த போன்களிலிருந்து உள்ளே இருப்பதெல்லாம் சங்கேதக் குறியீட்டில் பூட்டி வைக்கப்பட வேண்டும் என்பது கட்டாயம். கோப்பு போனால் அதைத் திறக்கும் சாவியின் வழியும் போகிறது. போதாக்குறைக்கு, நீ அழித்த இடத்தை போன் சும்மா கிடக்கும் நேரம் பார்த்துத் தானே துடைத்துக்கொள்ளும். 'டிரிம்' என்பார்கள்.

அப்படியானால் 'நூறு சதவீதம் மீட்போம்' என்று கூவுகிற ஆப்கள்? பெரும்பாலும் மீதமிருக்கும் குட்டிக்குட்டி மாதிரிப் படங்களைத்தான் தோண்டிக் காட்டும். பெரிதாக்கினால் மங்கும். முழுப் படம் வேண்டுமென்றால் பணம் கட்டு என்னும். கட்டினாலும் அதே மங்கல்தான்!

"ரூட் பண்ணி எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். ரூட் செய்ய, அதாவது போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுக்க, பெரும்பாலும் 'பூட்லோடர்' என்ற பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் மிச்சமிருப்பதும் துடைக்கப்படும்! தேடப்போன படத்தோடு இருந்த படமும் போகும்!

இன்னொருவர் போனில் அழைப்பார். "ஒரு ஆப் இறக்குங்க, நான் இங்கிருந்தே பார்க்கிறேன், ஓடிபி சொல்லுங்க" என்பார். சொன்னால் படத்தோடு வங்கிப் பணமும் போகும். ஏமாந்துவிட்டாயா? வெட்கப்பட்டு ஒளியாதே. 1930-க்கு உடனே அழை. அது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு.

உன் துக்கத்தை எவனுக்கும் முதலாக்காதே!

சரி. எல்லா வாசலும் தட்டினாய். படம் வரவில்லை.

இப்போது நீ தோற்றுவிட்டாயா?

1998. அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ கொடுத்த ஒரே ஒரு தவறான கட்டளை! படத்தின் பெரும்பகுதி கண் முன்னாலேயே மறைந்தது. பேக்கப்பைத் திறந்தார்கள். அதுவும் சரியாக வேலை செய்யவில்லை! எத்தனை பெரிய கம்பெனி! எத்தனை மேதைகள்! உனக்கு நடந்ததேதான் அவர்களுக்கும் நடந்தது!

மீட்டது யார்? கேலின் சஸ்மன் என்ற பெண். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

அதோடு விட்டார்களா? மீட்ட படமே மனசுக்கு நிறைவாக இல்லை என்று கதையைப் புதிதாக எழுதி, சுமார் ஒன்பது மாதத்தில் பெரும்பகுதியை மறுபடி எடுத்தார்கள்! 1999 நவம்பரில் வெளியிட்டார்கள். உலகம் கொண்டாடியது.

மீட்டதையே கலைத்துவிட்டு மறுபடி கட்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். நீ என்ன செய்யப் போகிறாய்?

கட்டு! மறுபடி கட்டு!

கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் அப்பா நிற்பார். தேடு. அவர் கூட வேலை பார்த்த போர்மேன் வீட்டில் பூஜை போட்ட அன்றைக்கு எடுத்த படம் மாட்டியிருக்கும். போய் ஒரு நகல் எடு. அம்மாவை உட்கார வைத்து அவரைப் பற்றிப் பேசச் சொல். குரலைப் பதிவு செய். இருக்கும் உறவுகளை இந்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டி நிறுத்தி ஒரு படம் எடு.

போன படத்துக்காக அழுகிறவன் இருக்கிற முகங்களை எடுக்க மறந்தால் அதற்குப் பெயர் என்ன பாசம்?

கடைசிப் பாடம். இதுதான் முக்கியமான பாடம்!

ஒரே ஒரு பிரதி என்றால், என்றைக்காவது அது போகும் என்று வைத்துக்கொள்!

கூகுள் போட்டோஸில் பேக்கப்பைப் போடு. 15 ஜிபி வரை இலவசம். ஆனால் உன் ஜிமெயிலும் டிரைவும் அதே 15 ஜிபியைத்தான் பங்கு போடும். 2021 ஜூன் 1 முதல் போட்டோவும் அந்தக் கணக்கில்தான். நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். மாதம் ஒருமுறை திறந்து பார்! வாட்ஸ்அப் ஃபோல்டர் தானாக பேக்கப் ஆகாது. அதை நீயே தேர்வு செய்ய வேண்டும்.

இன்னொன்றைக் கல்லில் எழுதிக்கொள். பேக்கப் ஆன படத்தை கூகுள் போட்டோஸில் 'டெலீட்' செய்தால் போனிலும் போகும், கூகுளில் இருக்கும் பிரதியும் போகும். "அதான் கூகுள்ல இருக்கே" என்று நம்பி அழித்தவர்கள் எத்தனை பேர்! போனில் இடம்தான் வேண்டுமென்றால் 'இடத்தைக் காலியாக்கு' என்ற பட்டனைப் பயன்படுத்து. அது பேக்கப் ஆனவற்றை போனிலிருந்து மட்டும் நீக்கும்.

அதோடு நிற்காதே. பென்டிரைவிலோ ஹார்டு டிஸ்கிலோ இன்னொரு பிரதி. அக்கா வீட்டில் ஒன்று. முக்கியமான பத்துப் படங்களுக்குக் காகிதத்தில் பிரின்ட். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா படத்தை ஒரு காகிதத்தில் அடிக்க உனக்கு நேரமில்லையா?

"காசில்லை" என்கிறாயா? தீபாவளி போனஸில் புது போன் வாங்கினாய். கவர் வாங்கினாய். கிளாஸ் ஒட்டினாய். கண்ணாடிக்குக் காவல் போட்டவன் உள்ளே இருக்கும் உயிருக்குக் காவல் போட வேண்டாமா?

இத்தனையும் தெரிந்துகொண்டாய். இனி நீ அழுகிற ஆள் இல்லை. நம் ஆமத்தூரில் அடுத்து ஒரு பாட்டி, "பேரன் படமெல்லாம் போச்சே" என்று போனோடு ஓடி வருவாள். "விடுங்க பாட்டி, அவ்வளவுதான்" என்று ஊர் சொல்லும். நீ சொல்லாதே! "கொடுங்க பாட்டி, கையை எடுங்க, நான் பார்க்கிறேன்" என்று எழுந்து நில்! அவள் முன்னாலேயே திற. அவளுக்கும் கற்றுக்கொடு.

பயந்தவனுக்கு வழி தெரியாது. தேடுகிறவனுக்கே வழி திறக்கும். எழுந்திரு! போனை எடு! தொட்டியைத் திற! முடிந்ததும் பேக்கப்பைப் போட்டுவிட்டுத் தூங்கு!

நாளைக்கு என்று சொல்லாதே. இன்றைக்கு!